ஸ்ரீபிரகாசா முதல் ரவி வரை: தமிழ்நாட்டு ஜனநாயகத்தை ஆளுநர்கள் எங்கே தொட்டார்கள்?

தராசுமுள் (இழையைத் தொடங்கியவர்):

ஆளுநர் என்று வாயெடுத்தாலே பேச்சு ஆர்.என்.ரவியில் தொடங்கி ஆர்.என்.ரவியில் முடிந்துவிடுகிறது. அவரைப் பற்றியும் பேசத்தான் வேண்டும். ஆனால் கிண்டி மாளிகையில் இருந்தவர்களை வரிசையாக வைத்துப் பார்த்தால், பெரும்பாலானவர்கள் பட்டமளிப்பு விழா, கொடியேற்றம் என்று வந்து போனவர்கள்தான். நம் அரசியலின் போக்கை அவர்கள் மாற்றியது சில நாட்களில் மட்டுமே. "சட்டமன்றத்தில் யார் பக்கம் எத்தனை பேர்?" என்ற கேள்விக்கு மன்றத்துக்கு வெளியே பதில் சொல்லப்பட்ட நாட்கள் அவை.

முதல் நாள் 1952. சென்னை மாகாணத்தின் 375 இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. அதாவது தோல்வி. கம்யூனிஸ்டுகளுக்கு 62. பிரகாசம் தலைமையில் எதிர்க்கட்சிகள் சேர்ந்து, எங்களுக்கு 166 பேர் ஆதரவு இருக்கிறது என்று உரிமை கோரினார்கள். புதிதாக வந்த ஆளுநர் ஸ்ரீபிரகாசா அழைத்தது ராஜாஜியை. அவர் தேர்தலில் நிற்கவே இல்லை. ஆளுநரின் நியமனத்தில் மேலவைக்குள் நுழைந்து முதலமைச்சர் ஆனார். எதிர்த்து கம்யூனிஸ்ட் தலைவர் பி.ராமமூர்த்தி உயர் நீதிமன்றம் போனார், பலிக்கவில்லை. ஏப்ரலில் பதவியேற்ற ராஜாஜி ஜூலையில் 200க்கு 151 என்று நம்பிக்கை வாக்கெடுப்பில் வென்றார். இடையில் கிடைத்த மூன்று மாதத்தில்தான் ஆட்கள் சேர்ந்தார்கள். காங்கிரசை எதிர்த்து நின்ற காமன்வீல் கட்சியின் மாணிக்கவேலு நாயக்கர் அமைச்சரே ஆகிவிட்டார்.

அந்த ஒரு அழைப்பிலிருந்து என்னவெல்லாம் கிளம்பியது என்று பாருங்கள். ராஜாஜி வந்ததால் 1953இல் குலக்கல்வித் திட்டம் என்று பெயரெடுத்த அந்தப் பள்ளித் திட்டம் வந்தது. அதை எதிர்த்துத் திராவிட இயக்கம் தெருவுக்கு வந்தது. காங்கிரசுக்குள்ளும் புகைந்து 1954இல் காமராசர் வந்தார். கம்யூனிஸ்டுகளைத் தடுக்கத்தான் அழைத்தார்கள். விளைந்தது என்னவோ காமராசர் ஆட்சியும் தி.மு.க.வின் வளர்ச்சியும்.

ஊர்க்குருவி:

நல்ல தொடக்கம் சார். ஆனால் 1952ஐ முதல் நாள் என்று சொல்லாதீர்கள். ஸ்ரீபிரகாசா செய்ததற்கு வெள்ளைக்காரன் காலத்திலேயே ஒத்திகை நடந்திருக்கிறது.

சில துறைகள் மட்டும் இந்திய மந்திரிகளிடம் இருந்த இரட்டையாட்சிக் காலத்தில், 1926 தேர்தலில் சுயராஜ்யக் கட்சி பெரிய கட்சியாக வந்தது. ஆனால் பதவி ஏற்க மாட்டோம் என்றார்கள். நீதிக்கட்சியும் அந்த நிலையில் ஆட்சி அமைக்கவில்லை. ஆளுநர் கோஷன் பிரபு என்ன செய்தார்? சுயேச்சையான பி.சுப்பராயனைப் பிடித்து முதல் மந்திரி ஆக்கி, அவருக்குத் துணையாக 34 பேரைச் சபைக்கு நியமித்தார். தலை இல்லாத மந்திரிசபைக்கு ஆளுநரே உடம்பும் கொடுத்த கதை. நியமனத்தைக் கருவியாக வைத்து ஆட்சி அமைக்கும் வித்தை அங்கேயே இருந்தது.

இன்னொன்று, 1937. காங்கிரஸ் ஜெயித்தும், ஆளுநர் தன் சிறப்பு அதிகாரங்களைப் பயன்படுத்த மாட்டேன் என்று உறுதி தந்தால்தான் பதவி ஏற்போம் என்று அடம்பிடித்தது. எர்ஸ்கின் பிரபு கூர்மா வெங்கட ரெட்டியை வைத்து இடைக்கால மந்திரிசபை அமைத்தார். ஜூலையில்தான் ராஜாஜி வந்தார். 1952இல் ஆளுநரின் தயவில் முதல்வரான அதே ராஜாஜி, 1937இல் ஆளுநர் தலையிடக் கூடாது என்று காத்திருந்த கட்சியின் தலைவர்!

நம் ஆட்களுக்குச் சங்கடமான செய்தியும் ஒன்று உண்டு. அந்த ஆட்சி கொண்டுவந்த கட்டாய இந்தியை 1940 பிப்ரவரியில் திரும்பப் பெற்றது யார்? மந்திரிசபை விலகியபின் தனியாக ஆண்டுகொண்டிருந்த அதே எர்ஸ்கின்தான். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் கேட்காததை நியமிக்கப்பட்டவர் கேட்டார். போரின் நடுவே போராட்டம் வேண்டாம் என்ற கணக்கு அதில் இருந்திருக்கும், இருந்தாலும் நடந்தது நடந்ததுதான்.

கறுப்புசிவப்பு:

எர்ஸ்கினைப் புகழ ஒரு இழையா! சரி, நடத்துங்கள்.

அறிஞர் அண்ணா "ஆட்டுக்குத் தாடி எதற்கு, நாட்டுக்கு கவர்னர் எதற்கு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். அதற்குமேல் ஆராய என்ன இருக்கிறது? 1976 ஜனவரி 31. சட்டமன்றத்தின் ஆயுள் முடிய சில வாரம்தான் பாக்கி. நெருக்கடி நிலையை எதிர்த்துப் பேசிய மாநில அரசு என்பதற்காகக் கலைஞர் ஆட்சியைக் கலைத்தார்கள். ஆளுநர் கே.கே.ஷா அறிக்கை அனுப்பினார். அப்புறம் சர்க்காரியா விசாரணை ஆணையம். அடுத்த தேர்தல் 1977 ஜூனில்தான். நெருக்கடி நிலையின் எஞ்சிய நாட்கள் முழுக்க தமிழ்நாட்டுக்குச் சட்டமன்றமே கிடையாது. கைதானவர்களுக்காகக் கேள்வி கேட்க ஒரு மேடை இல்லை. இதற்குப் பெயர் ஜனநாயக வளர்ச்சியா?

தராசுமுள்:

வளர்ச்சி என்று நான் சொல்லவில்லை ஐயா, போக்கு என்றேன்.

இலைத்தொண்டன்:

76ஐச் சொன்னவர் 80ஐ ஏன் சொல்லவில்லை? 1980 பிப்ரவரி 17, எம்.ஜி.ஆர். ஆட்சியைக் கலைத்தார்கள். மெஜாரிட்டி இருந்தது. சட்டம் ஒழுங்கும் கெடவில்லை. மக்களவைத் தேர்தலில் தோற்றுவிட்டார் என்பதுதான் காரணம். 39இல் 37 தி.மு.க.-காங்கிரஸ் கூட்டணிக்கு, அ.தி.மு.க.வுக்கு 2. அதையே சாக்காக வைத்து ஒன்பது மாநிலங்களில் ஆட்சியைக் காலி செய்தார் இந்திரா. அப்போது இந்திராவின் கூட்டாளி யார்? நாலு வருஷத்துக்கு முன்னால் அதே 356ஆல் (மாநில ஆட்சியைக் கலைத்துக் குடியரசுத் தலைவர் ஆட்சி கொண்டுவரும் அரசியலமைப்புப் பிரிவு) அடிபட்டவர்கள்தான்.

மக்கள் ஜூனில் பதில் சொன்னார்கள். 129 இடத்தோடு தலைவர் திரும்ப வந்தார். ஆட்சியைக் கலைத்தால் மக்கள் சும்மா விடமாட்டார்கள் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

கறுப்புசிவப்பு:

91இல் டெல்லிக்குக் காவடி எடுத்து எங்கள் ஆட்சியைக் கலைக்கச் சொன்னது யார் என்று ஜெயலலிதா அம்மையாரின் தொண்டர் சொல்லட்டும்.

ஊர்க்குருவி:

இரண்டு பேருமே உண்மையைத்தான் சொல்கிறீர்கள், அதுதான் வேடிக்கை. அடிபடும்போது மாநில சுயாட்சி, அடுத்தவன் அடிபடும்போது சட்டம் ஒழுங்கு.

இலைத்தொண்டன் சொன்ன கடைசி வரியை மட்டும் ஏற்க முடியவில்லை. 80இல் அது சரி. 76இல் கலைக்கப்பட்ட தி.மு.க. 77இல் 48 இடத்தோடு உட்கார்ந்தது. 91 ஜனவரியில் கலைக்கப்பட்டு, மே மாதம் ராஜீவ் கொலை, அடுத்த மாதம் எண்ணும்போது தி.மு.க.வுக்கு 2 இடம். நான்கு முறை இங்கே குடியரசுத் தலைவர் ஆட்சி வந்திருக்கிறது. கலைக்கப்பட்ட கட்சி உடனடியாகத் திரும்ப வந்தது ஒரே ஒரு முறை. வாக்காளர் இதற்காகத் தண்டிப்பார் என்று நம்பிக்கொண்டிருந்தால் டெல்லிக்குக் கொண்டாட்டம்தான்.

163ஆம்பிரிவு:

சட்டம் படிக்கும் ஆள் என்பதால் ஒரு குறுக்கீடு. 1991ஐ மற்றவற்றோடு சேர்க்காதீர்கள் அண்ணா. அந்த முறை ஆளுநர் மறுத்தார்.

சுர்ஜித் சிங் பர்னாலாவிடம் கலைப்புக்கு ஏற்ற அறிக்கை கேட்டார்கள். அவர் எழுதித் தரவில்லை. பிரதமர் சந்திரசேகரின் அரசு காங்கிரசின் ஆதரவில் ஓடிக்கொண்டிருந்தது, காங்கிரசோ அ.தி.மு.க.வின் கையைப் பிடித்திருந்தது. 356ஆம் பிரிவின்படி ஆளுநரின் அறிக்கை இருந்துதான் ஆக வேண்டும் என்றில்லை, வேறு வழியில் குடியரசுத் தலைவர் நிறைவடைந்தாலும் போதும். அந்தச் சந்தில் நுழைந்து ஆட்சியைக் கலைத்தார்கள். பர்னாலாவைப் பீகாருக்கு மாற்றினார்கள், அவர் பதவியையே விட்டுவிட்டுப் போனார்.

இதில் எனக்குத் தெரிவது: ஆளுநர் நேர்மையாக இருந்தாலும் ஆட்சி தப்பவில்லை. அப்படியானால் கோளாறு ஆளிடம் இல்லை, பிரிவிலேயே இருந்தது. 1994இல் எஸ்.ஆர்.பொம்மை வழக்கில் ஒன்பது நீதிபதிகள், பெரும்பான்மையை மன்றத்தில்தான் சோதிக்க வேண்டும், கலைப்பை நீதிமன்றம் ஆராயலாம் என்று சொன்னபிறகுதான் நிலைமை மாறியது. அதற்குப் பிறகு தமிழ்நாட்டில் ஒரு ஆட்சியும் 356இல் கலைக்கப்படவில்லை. நான்கு கலைப்புகளும் பொம்மைக்கு முன்.

மாடவீதி:

1988ஐ ஒருவரும் தொடவில்லையே. எனக்கு அதுதான் மோசமானது. ஏனென்றால் அங்கே ஆளுநர் மன்றத்தில் சோதிக்கத்தான் சொன்னார், இருந்தும் கெட்டது.

எம்.ஜி.ஆர். 1987 டிசம்பர் 24 அன்று இறந்தார். கட்சி இரண்டாகப் பிளந்தது. ஆளுநர் குரானா ஜனவரி 7 அன்று ஜானகி அம்மாளுக்குப் பதவிப் பிரமாணம் செய்துவைத்து, மூன்று வாரத்துக்குள் பெரும்பான்மையைக் காட்டுங்கள் என்றார். மூன்று வாரம்! அந்த அவகாசத்தில் உறுப்பினர்களைக் கூட்டம் கூட்டமாக அடைத்து வைத்துப் பேரம் நடந்தது. 28ஆம் தேதி மன்றத்துக்குள் மைக் பறந்தது, நாற்காலி பறந்தது, போலீஸ் உள்ளே வந்து தடியடி நடத்தியது. சபாநாயகர் பி.எச்.பாண்டியன் ஜானகி வென்றதாக அறிவித்தார். இரண்டு நாளில், 30ஆம் தேதி, ஆட்சி கலைக்கப்பட்டது.

அப்புறம் ஒரு வருஷம் பி.சி.அலெக்சாண்டர் ஆண்டார். இந்திராவுக்கும் ராஜீவுக்கும் முதன்மைச் செயலராக இருந்தவர். நிர்வாகம் நன்றாக இருந்தது என்று சொல்லும் ஆட்கள் இன்றும் இருக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சே பிடிக்காது. ஓட்டுப் போடாமல் வந்த ஆட்சி சுத்தமாக இருந்தது என்று சந்தோஷப்படுவதும் ஒரு வியாதி. காங்கிரஸ் தன்னை வளர்த்துக்கொள்ள அந்த ஒரு வருஷத்தைப் பயன்படுத்தப் பார்த்தது, 89 ஜனவரியில் மக்கள் தி.மு.க.வைக் கொண்டுவந்தார்கள்.

தராசுமுள்:

மாடவீதி சொன்னது என் வாதத்தைத் திருத்துகிறது, நல்லது. மன்றத்தில் சோதித்தால் மட்டும் போதாது, உடனே சோதிக்க வேண்டும். 1952இல் மூன்று மாதம், 1988இல் மூன்று வாரம். அவகாசம் என்பது நடுநிலை மாதிரித் தெரியும், ஆனால் அது யாருக்குப் பணமும் பதவியும் கொடுக்க முடியுமோ அவருக்கான அவகாசம்.

ஊர்க்குருவி:

ஆளுநருக்கும் முதலமைச்சருக்கும் நேரடிச் சண்டை என்றால் சென்னா ரெட்டிதான். 93இலிருந்து 96 வரை. ஜெயலலிதா மீது வழக்குத் தொடர சுப்பிரமணியன் சுவாமிக்கு 1995இல் அனுமதி கொடுத்தார். அவரைத் திரும்பப் பெறு என்று சட்டமன்றத்தில் தீர்மானமே போட்டார்கள். ரவி விஷயத்தில் நடந்தது எல்லாம் புதிது என்று நினைப்பவர்கள் அந்த மூன்று ஆண்டுப் பத்திரிகைகளைப் புரட்டினால் போதும்.

மாடவீதி:

ஆனால் அந்த அனுமதியைத் தப்பு என்று சொல்வீர்களா? முதலமைச்சர் மீதே ஊழல் புகார் என்றால், அமைச்சரவை ஆலோசனைப்படி அனுமதி தர வேண்டும் என்பது கேலிக்கூத்து ஆகிவிடாதா?

ஊர்க்குருவி:

தப்பு என்று நான் சொல்லவில்லையே. ஆளுநரின் சொந்த முடிவு தேவைப்படும் இடங்கள் உண்டு. அதற்காகத்தான் பதவியே வேண்டாம் என்ற கட்சியில் நான் இல்லை.

இலைத்தொண்டன்:

பாத்திமா பீவி அம்மாவை மறக்காதீர்கள். உச்ச நீதிமன்றத்தின் முதல் பெண் நீதிபதி. 2001இல் 132 பேர் ஜெயலலிதா அம்மாவைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். மக்கள் தீர்ப்பை மதித்து அழைத்தார். அதற்காக பாத்திமா பீவி அம்மாவை எப்படி நடத்தினார்கள்! கருணாநிதி கைது விவகாரத்தில் மத்திய அமைச்சரவை திரும்பப் பெறச் சொன்னது, அவர் ராஜினாமா செய்தார்.

163ஆம்பிரிவு:

அண்ணே, மரியாதையோடு சொல்கிறேன். டான்சி என்ற அரசு நிறுவனத்தின் நில வழக்கில் ஜெயலலிதாவுக்கு மூன்று ஆண்டு தண்டனை, நான்கு தொகுதிகளிலும் வேட்புமனு தள்ளுபடி. தேர்தலில் நிற்கவே தகுதி இல்லாதவர், சட்டமன்ற உறுப்பினராகாமல் ஆறு மாதத்துக்கு முதலமைச்சராக இருக்கலாமா என்பதுதான் கேள்வி. அதே ஆண்டு செப்டம்பர் 21 அன்று ஐந்து நீதிபதிகள் அமர்வு கூடாது என்றது. எத்தனை எம்.எல்.ஏ. சேர்ந்து தேர்ந்தெடுத்தாலும் அரசியலமைப்பை மீற முடியாது என்றது. ஓ.பன்னீர்செல்வம் முதல்முறையாக முதலமைச்சர் ஆனது அதனால்தான்.

பாருங்கள், ஸ்ரீபிரகாசா எண்ணிக்கை இல்லாதவரை அழைத்தார். பாத்திமா பீவி எண்ணிக்கை மட்டும் இருந்தவரை அழைத்தார். முதலாவதை நீதிமன்றம் தொடவில்லை, இரண்டாவதைத் தொட்டது. ஐம்பது ஆண்டில் நீதிமன்றம்தான் மாறியிருக்கிறது.

கறுப்புசிவப்பு:

2017? வித்யாசாகர் ராவ்? மகாராஷ்டிராவில் உட்கார்ந்துகொண்டு இங்கே கூடுதல் பொறுப்பு பார்த்தவர். பிப்ரவரி 5 அன்று அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் சசிகலாவைத் தலைவராகத் தேர்ந்தெடுக்கிறார்கள், 9ஆம் தேதிதான் சென்னைக்கு வருகிறார். கூவத்தூர் விடுதியில் எம்.எல்.ஏ.க்கள். 14ஆம் தேதி சொத்துக்குவிப்பு வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு, சசிகலா சிறை. 16இல் எடப்பாடி பதவியேற்பு, 18இல் எங்களை வெளியேற்றிவிட்டு 122க்கு 11 என்று வாக்கெடுப்பு.

தராசுமுள்:

பிப்ரவரியில் அவர் காத்திருந்ததை நான் குறை சொல்ல மாட்டேன். தீர்ப்பு சில நாட்களில் வரப்போகிறது என்று தெரிந்திருந்தது. 2001 கூத்து திரும்ப நடக்காமல் அது தடுத்தது. சரி.

அதே ராவ் ஆகஸ்டில் செய்ததுதான் உறுத்துகிறது. 19 அ.தி.மு.க. உறுப்பினர்கள் நேரில் வந்து முதலமைச்சர் மீது நம்பிக்கை இல்லை என்று கடிதம் கொடுத்தார்கள். ஆட்சி பெரும்பான்மையை இழந்திருக்கலாம் என்பதற்கு அதைவிட வெளிப்படையான அறிகுறி என்ன வேண்டும்? உட்கட்சி விவகாரம் என்று ஒதுங்கினார். செப்டம்பர் 18 அன்று சபாநாயகர் தனபால் அவர்களில் 18 பேரைத் தகுதிநீக்கம் செய்தார். மன்றத்தின் எண்ணிக்கையே குறைந்தது. அவர்கள் தொகுதி மக்களுக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேல், 2019 இடைத்தேர்தல் வரை, பேச ஆளில்லை. கலைப்பு இல்லை, 356 இல்லை, வெறுமனே ஒன்றும் செய்யாமல் இருந்தே ஒரு ஆட்சியைக் காப்பாற்ற முடியும் என்று அப்போது தெரிந்தது.

163ஆம்பிரிவு:

அந்த "ஒன்றும் செய்யாமை"தான் அதற்கடுத்து வந்தவர்களின் ஆயுதம். 2018 செப்டம்பரில் ராஜீவ் கொலை வழக்கில் சிறையிலிருந்த எழுவரின் விடுதலைக்கு அமைச்சரவை பரிந்துரைத்தது. பன்வாரிலால் புரோகித் இரண்டு ஆண்டுக்கு மேல் கோப்பை வைத்திருந்துவிட்டுக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். கடைசியில் 2022 மே மாதம் உச்ச நீதிமன்றமே பேரறிவாளனை விடுவித்தது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 விழுக்காட்டு மருத்துவ ஒதுக்கீட்டிலும் அதே கதை. 2020 செப்டம்பரில் மசோதா நிறைவேறியது, சேர்க்கை நெருங்கியது, கையெழுத்து வரவில்லை. அக்டோபர் 29 அன்று எடப்பாடி அரசு அரசாணையாகவே போட்டது. மறுநாள் ஆளுநர் ஒப்புதல் தந்தார்! இவர்கள் டெல்லிக்கு நெருக்கமான அரசு என்பதை மறக்க வேண்டாம்.

ரவி காலத்தில் நடந்தது எல்லோருக்கும் தெரியும், நீட்டவில்லை. நீட் விலக்கு மசோதா, பேரவையிலிருந்து வெளிநடப்புகள், அமைச்சர் செந்தில் பாலாஜியை நீக்கிவிட்டு அன்றிரவே நிறுத்திவைத்தது. முக்கியமானது பத்து மசோதாக்கள். பெரும்பாலும் துணைவேந்தர் நியமனம் பற்றியவை. அவற்றில் இரண்டு 2020இல் அ.தி.மு.க. ஆட்சியில் நிறைவேறியவை என்பதைத் தொலைக்காட்சி விவாதங்களில் யாரும் சொல்வதில்லை. 2023 நவம்பரில் திருப்பி அனுப்பினார், பேரவை ஐந்தே நாளில் மறுபடி நிறைவேற்றியது, அவர் குடியரசுத் தலைவருக்கு அனுப்பினார். 2025 ஏப்ரல் 8 அன்று நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு அந்தப் பத்துக்கும் ஒப்புதல் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றது, காலக்கெடுவும் விதித்தது. ஆளுநர் கையெழுத்தே இல்லாமல் சட்டங்கள் அரசிதழில் வந்தன.

இலைத்தொண்டன்:

அந்தத் தீர்ப்பைத்தான் நவம்பரில் கவிழ்த்துவிட்டார்களே.

163ஆம்பிரிவு:

கவிழ்க்கவில்லை அண்ணே, குடியரசுத் தலைவர் கேட்ட 14 கேள்விகளுக்கு 2025 நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் கருத்துச் சொன்னார்கள். மேல்முறையீடு அல்ல. நீதிமன்றம் காலக்கெடு வைக்க முடியாது, தானாக ஒப்புதல் கிடைத்ததாகக் கொள்ளவும் முடியாது என்றார்கள். ஆனால் காரணமே சொல்லாமல் முடிவில்லாமல் வைத்திருந்தால், முடிவெடுங்கள் என்று மட்டும் நீதிமன்றம் உத்தரவிடலாம். மசோதாவைப் பேரவைக்குத் திருப்பாமலேயே நிறுத்தி வைக்கும் உரிமையும் இல்லை என்றார்கள். அந்தப் பகுதி நமக்கு லாபம்.

மாடவீதி:

இதற்கெல்லாம் நம்மிடம் மருந்து 1971லேயே எழுதி வைத்தாயிற்று. மத்திய-மாநில உறவை ஆராய கலைஞர் அரசு அமைத்த ராஜமன்னார் குழு. ஆளுநரை நியமிக்கும்போது மாநில அமைச்சரவையைக் கேட்க வேண்டும், இரண்டாம் முறை பதவி கூடாது என்றது. ராஜமன்னாரே தலைமை நீதிபதியாக இருந்து, 1957-58இல் இங்கே பொறுப்பு ஆளுநராகவும் இருந்தவர். உள்ளே இருந்து பார்த்த மனிதர் எழுதியது. 74இல் பேரவைத் தீர்மானம், அதோடு சரி. கலைஞரை விசாரித்த அதே சர்க்காரியா பின்னர் மத்திய-மாநில உறவு ஆணையத்துக்குத் தலைவராகி, முதலமைச்சரைக் கலந்து ஆளுநரை நியமியுங்கள் என்று எழுதினார். அதுவும் அலமாரியில். 2025இல் அதே வேலைக்குத் தமிழ்நாடு அரசு அமைத்தது குரியன் ஜோசப் குழு.

ஊர்க்குருவி:

ஒழுங்காக நடந்த ஒன்றையும் பதிவு செய்துவிடுகிறேன். 2006இல் தி.மு.க.வுக்கு 96 இடம்தான், பாதிக்கு வெகுதூரம். காங்கிரசும் மற்றவர்களும் ஆதரவுக் கடிதம் கொடுத்தார்கள். ஆளுநர் வாங்கிப் பார்த்தார், அழைத்தார், ஐந்து ஆண்டு ஓடியது. "மைனாரிட்டி தி.மு.க. அரசு" என்று ஜெயலலிதா கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார், ஆனால் ராஜ்பவன் பக்கம் ஒரு சலசலப்பும் இல்லை. அந்த ஆளுநர் யார் தெரியுமா? அதே பர்னாலா. 91இல் விரட்டப்பட்டு 2004இல் திரும்ப வந்தவர்.

கறுப்புசிவப்பு:

அப்படியானால் பர்னாலா மாதிரி ஆட்களை டெல்லி நினைத்தால் தூக்கியடிக்க முடியாதபடி ஐந்தாண்டு பாதுகாப்பு கொடுத்துவிட்டால் பிரச்சினை முடிந்ததே. 2010இல் உச்ச நீதிமன்றமும் காரணமில்லாமல் ஆளுநர்களை நீக்கக் கூடாது என்றுதானே சொன்னது?

தராசுமுள்:

அந்தப் பாதுகாப்பு ரவிக்கும் கிடைத்திருக்கும் ஐயா. பாத்திமா பீவிக்கும் கிடைத்திருக்கும். 2001 ஜூலையில் அந்த அம்மையாரைத் திரும்பப் பெறச் சொன்ன மத்திய அமைச்சரவையில் தி.மு.க. அமைச்சர்களும் இருந்தார்கள். உங்கள் கட்சி அன்றைக்கு எந்தப் பக்கம் கைதூக்கியிருக்க வேண்டும் என்று சொல்லுங்கள், அப்புறம் இந்த யோசனையை எடுத்துக்கொள்வோம்.